இரண்டாவது வெட்டு

மே 3

பள்ளிக்கூடம் விடுமுறை. சத்துணவுக் கூடத்துச் சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி ஒரு மாதத்துக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்க வேண்டியதில்லை. மாயாவின் பழைய அறிவியல் நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதுகிறேன்.

பதினொன்றாம் தேதி பௌர்ணமி, புத்தர் பிறந்த நாள். எங்கள் அரசம்பேடு காலனிப் படிப்பகத்தில் விழா. ஓடு வேய்ந்த ஒற்றை அறை, பின்னால் ஒரு சமையல் கொட்டகை, இரண்டு மர அலமாரி, முந்நூறுக்கு மேல் புத்தகங்கள். பெரும்பாலும் புத்தரின் வாழ்க்கை, அவர் சொன்னவை. எல்லாம் என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் சேர்த்தது. தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. நானும் ஒரு புத்தகம் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எங்கள் பெண்களுக்காகப் புத்தரின் கதை. ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு குலத்தார் வாளோடு கரையில் எதிரெதிரே நிற்கிற இடம்வரை வந்திருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு. கொள்ளையர்கள் பிடித்து, இருபக்கப் பிடி போட்ட ரம்பத்தால் கை கால்களை அறுத்தாலும் அறுப்பவன்மேல் மனதில் கோபம் வரக் கூடாது என்று புத்தர் சீடர்களுக்குச் சொன்ன பகுதியைப் படித்தேன். வாசலில் நின்றிருந்த கஜபதி சிரித்தான். என் கொழுந்தன். அவனும் தோல் கம்பெனியில்தான் வேலை. சாயங்காலமானால் குடிப்பான். புத்தகம் தொட மாட்டான்.

"அதெல்லாம் சரி அண்ணி. அறுக்கிறவனுக்கு இத்த யாரு படிச்சிக் காட்றது?"

பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"கோபம் மொதல்ல நம்மளத்தான் எரிக்கும் கஜபதி."

"எரியட்டும். குளிருக்கு ஆவும்."

மே 6

ஊர்த்தெருவிலிருந்து லோகநாதன் வந்தான். அவனுடைய மாமன் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். லோகநாதனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். டிராக்டர் ஓட்டுகிறான். அவன் பையன் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நான் சமைப்பதால் அந்தப் பிள்ளை சத்துணவு சாப்பிடுவதில்லை. வீட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடும்.

"ஊர்வலம் கீர்வலம்னு சொல்லிக்கினு படத்தத் தூக்கினு எங்க தெருவுல வரக் கூடாது. உங்க தெருவுக்குள்ளயே சுத்திக்கோ."

"பஸ் ஸ்டாண்டுக்கு அது ஒண்ணுதானே ரோடு? ஸ்டேஷன்ல பர்மிஷன் வாங்கிட்டோம்."

"அந்தக் காயிதத்த நல்லா பத்திரமா வச்சிக்கோ. ரத்தம் துடைக்க ஆவும்."

நான் கைகூப்பி, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அவன் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான். எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. என் பொறுமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மே 10

விடியற்காலையிலிருந்து வேலை. வாடகைக்கு அண்டா, கரண்டி எடுத்து வந்து புளிபோட்டுத் தேய்த்தோம். பத்துக் கிலோ கத்தரிக்காய். சாணை பிடிக்கிறவர் தெருவில் வந்ததால் அரிவாள்மனையைத் தீட்டிக்கொண்டேன். மாயா புத்தகங்களுக்கெல்லாம் எண் எழுதிச் சீட்டு ஒட்டினாள். பதினாலு வயதுக்கு அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

கஜபதி விறகோடு ஏழெட்டுத் தடிகளையும் கொண்டுவந்து கொட்டகையில் சாத்தினான். எடுத்து வெளியே எறிந்தேன்.

"புத்தர் விழாவுக்குத் தடியா?"

"வரவன் புத்தரப் பாக்க வரலயே அண்ணி."

மே 11

எழுத முடியவில்லை.

மே 13

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஊர்வலம். தள்ளுவண்டியில் புத்தர் படம், முன்னால் பாதிப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தோம். நாற்பது பேர். முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள். ஊர்த்தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. மாடியில் சில பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றும் நடக்கவில்லை. போலீஸ்காரர்கள் அங்கேயே டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஆண்கள் மைக் செட்டைத் திருப்பிக் கொடுக்க வண்டியோடு அங்கே தங்க, பெண்களும் பிள்ளைகளும் முன்னால் வந்துவிட்டோம்.

"பாத்தியா கோமளா, சும்மா மெரட்டுனானுங்க" என்றாள் ருக்கு. எனக்கு அடுத்த வீடு. வாசிப்பு ஒன்றுக்குக்கூட வராமல் இருந்ததில்லை.

பன்னிரண்டேகால் இருக்கும். ஓட்டில் முதல் கல் விழுந்தது. முப்பது பேர், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு. ருக்கு சோற்றுக் குண்டானோடு நின்றிருந்தாள். ஒருவன் தடியால் அவள் நெற்றியில் அடித்தான். புருவத்துத் தோல் பிய்ந்து கண்மேல் தொங்கியது. அவள் குண்டானைக் கீழே போடாமல் அப்படியே உட்கார்ந்தாள். சாம்பார் அண்டாவை இரண்டு பேர் எட்டி உதைத்தார்கள். கொதிக்கிற சாம்பார், கூடச் சமைத்த சந்திராவின் முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கொட்டியது. அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளையைக் காலைப் பிடித்துத் தூக்கிச் சுவர் ஓரம் வீசினார்கள்.

லோகநாதன் முகத்தை மூடவில்லை. மண்ணெண்ணெய் டின்னோடு படிப்பகத்துக்குள் போனான். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. பையில் சிவப்புச் சீப்பு. மாயா உள்ளே அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "தள்ளிப் போடி" என்றான். போகவில்லை. அவளோடு சேர்த்துப் புத்தகங்கள்மேல் ஊற்றினான். அவள் தலையிலிருந்து வழிந்தது. அவன் பின்கழுத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தான். முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவது குச்சியை எடுத்தபோது யாரோ அவனை வெட்டிவிட்டார்கள்.

நான் பின்னால் சமையல் கொட்டகையில் இருந்தேன். சரியாகப் பார்க்கவில்லை.

ரத்தத்தைப் பார்த்ததும் கூட வந்தவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போகிறபோது ஒருவன் எரிகிற துணியை ஜன்னல் வழியாக எறிந்தான். மாயாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூரை விழ அரைமணிதான் ஆனது. வண்டியிலிருந்த பாதிப் புத்தகம்தான் மிச்சம்.

கஜபதி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தான். என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப்போய்க் கையைக் கழுவச் சொன்னான். கழுவினேன். காலையிலிருந்து காய் நறுக்கிய கை.

மாயாவின் தலைக்கு மூன்று தடவை சீயக்காய் போட்டுவிட்டேன். மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. அவள் என்னிடம் பேசவும் இல்லை.

மே 14

விடிந்ததும் போலீஸ் வந்தது. ஆண்கள் ஏரிப் பக்கம் ஓடிவிட்டார்கள். வீடு வீடாகக் கதவை உதைத்துத் திறந்து தண்ணீர்க் குடங்களை எல்லாம் உடைத்தார்கள். புண் காலோடு படுத்திருந்த சந்திராவை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். எங்கள் படிப்பகத்தை எரித்தவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"வெட்டுனவன் யாருடி?" என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. தெரியாது என்றேன். முதுகில் இரண்டு, இடுப்பில் ஒன்று. விழுந்துவிட்டேன்.

அப்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து கஜபதி தனியாக நடந்து வந்தான்.

"நான்தான் வெட்னேன் சார். பொம்பளைங்கள வுடுங்க."

"எதால வெட்டுன?"

"கத்தியால. ஏரியில வீசிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவன் வாயில் தடியின் முனையால் குத்தினார். ஒரு பல்லைத் துப்பினான். ஜீப்பில் ஏற்றுகிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசாதே என்கிற பார்வை. நான் பேசவில்லை.

சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. இன்ஸ்பெக்டர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய், "கஜபதிதானே?" என்று லோகநாதனைக் கேட்டாராம். அவனும் ஆமாம் என்றானாம்.

மே 17

கிளைச்சிறையில் கஜபதியைப் பார்த்தேன். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இடது காதில் பஞ்சு. அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னாராம். பாதங்களில் அடித்திருக்கிறார்கள். சுவரைப் பிடித்துத்தான் நின்றான்.

வாழைப்பழம் கொடுத்தேன். ஒன்று சொல்ல வாயெடுத்தேன்.

"எதுனா சொல்லணும்னா கேக்காத காதுப் பக்கம் வந்து சொல்லுங்க அண்ணி" என்றான். "நான்தான் வெட்னேன். நீங்க கொட்டாயில இருந்தீங்க. அவ்ளோதான். மாயாவுக்கு அப்பன் இல்ல."

"ஆனா கஜபதி..."

"எனக்கு யாரு கீறா? புள்ளயா குட்டியா? குடிச்சிச் சாவறதுக்கு இது மேல்."

வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

மே 19

புது அரிவாள்மனை வாங்கினேன். பழையது தீயில் போய்விட்டது.

மே 22

படிப்பகத்தின் கரிச்சுவரில் பையன்கள் சுண்ணாம்பால் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்: "மானம் காத்த கஜபதி." கடன்காரன், குடிகாரன் என்று சொன்ன வாய்கள் எல்லாம் இப்போது அவன் பெயரை மரியாதையாகச் சொல்கின்றன.

மிச்சமிருந்த புத்தகங்களை வெயிலில் பரப்பினேன். ருக்கு நெற்றியில் பதினோரு தையலோடு வந்து உட்கார்ந்தாள். இன்னும் நாலைந்து பேர். "எதுனா படி கோமளா, மனசு ஆறட்டும்" என்றார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சினத்தை அடக்குவது பற்றிய பக்கம். இரண்டு வரி படித்தேன். புகை தொண்டையில் இருக்கிறது என்று சொல்லி மூடிவிட்டேன்.

"கஜபதி வெட்டலன்னா மாயா கரிக்கட்டையா போயிருப்பா" என்றாள் ருக்கு. "இந்தப் புக்குல கீற எவரு வந்து தடுத்தாரு?"

மாயா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

என் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். இரண்டு குலத்தாரும் இன்னும் ஆற்றங்கரையில் வாளோடு நிற்கிறார்கள். புத்தர் நடுவில் வந்து, தண்ணீர் பெரிதா ரத்தம் பெரிதா என்று கேட்க வேண்டும். நான்கு தடவை எழுதி நான்கையும் கிழித்தேன்.

மே 26

லோகநாதன் பிழைத்துக்கொண்டான். தோளில் இருபத்திரண்டு தையல். வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

செய்தியைச் சொன்ன சந்திரா, "தோளும் வெரலும் வேற வேற எடமாச்சே, ரெண்டு தரம் வெட்னாரா உன் கொழுந்தன்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

இந்த நோட்டிலுமா பொய் எழுதுவது?

நான்தான் வெட்டினேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். இரண்டாவது குச்சியை அவன் பெட்டியில் உரசுகிறபோது பின்னாலிருந்து தோளில் போட்டேன். என் மகள் மண்ணெண்ணெயில் நனைந்து நின்றாள். எந்தத் தாயும் செய்வாள். இதில் வருந்த எனக்கு ஒன்றும் இல்லை. கஜபதி வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கித் தீக்குள் எறிந்தான். கட்டை எரிந்து இரும்பு மட்டும் கிடந்தது. அதையும் எங்கேயோ புதைத்தான்.

மே 30

வக்கீல் ஜெயசீலனைப் பார்த்தேன். கஜபதிக்காக வாதாடுகிறவர். கதவைச் சாத்திவிட்டு எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மா, வெட்டுப்பட்டவன் கஜபதின்றான். கஜபதியும் நான்தான்றான். போலீசுக்கும் அதுதான் சௌகரியம். நடுவுல நீங்க வந்து நான்னு சொன்னா யாருக்கு என்ன லாபம்?"

"அவன் செய்யலையே சார்."

"வெட்டுனவங்க பேரச் சொல்ல லோகநாதனுக்கு ஏன் மனசு வரலை, தெரியுமா? காலனிப் பொம்பளை வெட்டுனான்னு வெளிய தெரிஞ்சா அவன் ஊர்ல தலைகாட்ட முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சொல்றதுன்னே வச்சுக்குவோம். பொண்ணக் காப்பாத்த வெட்டுனீங்க. தற்காப்பு. சட்டத்துல இடம் இருக்கு, வெளிய வந்துடலாம். தோள்ல வெட்டு, புரியுது. விரல் எப்படிம்மா போச்சு?"

"ஞாபகம் இல்ல சார்."

"ஞாபகம் வர வேணாம்" என்றார்.

ஜூன் 3

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முதல் நாள் சர்க்கரைப் பொங்கல். லோகநாதனின் பையன் வரவில்லை.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் லோகநாதனின் அப்பாவை எங்கள் பையன்கள் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டு அடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற மகனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனவர். எழுபது வயது. கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. டிபன் கேரியரால் அவர் வாயிலேயே அடித்தார்களாம். "கஜபதி வாழ்க" என்று கத்திக்கொண்டே அடித்தார்களாம்.

அந்தப் பையன்களில் இரண்டு பேர் படிப்பகத்தில் என்னிடம் புத்தர் கதை கேட்டவர்கள். அவர்கள் இன்று கத்திக் கொண்டாடியது என் கையின் வேலையை, வேறொருவன் பெயரில்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாயா மூன்று வாரத்துக்குப் பிறகு பேசினாள்.

"யம்மா. நீ சொல்லலன்னா நான் போயி ஜட்ஜு கிட்ட சொல்லிடுவேன். சித்தப்பாவ வுட்ருவாங்க."

கன்னத்தில் அறைந்தேன். அவள் அழவில்லை, கையை உயர்த்தித் தடுக்கவும் இல்லை. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். குனிந்தவளை இன்னொரு தடவை அறைந்தேன். முதல் அடி என்னை மீறி விழுந்தது. இரண்டாவது அப்படி அல்ல. அதைப் பற்றி எழுத வருகிறது. எழுதவில்லை.

ஜூன் 8

கஜபதிக்குக் காவல் நீட்டிப்பு. கோர்ட்டுக்குப் போனேன். போலீஸ் வேனிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்தான். யாரும் தூக்கவில்லை, அவனாக எழுந்தான்.

படிப்பகத்தை எரித்த வழக்கில் லோகநாதனையும் சேர்த்திருக்கிறார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட வந்திருந்தான். பெருவிரல் தவிர வலது கை முழுக்க வெள்ளைக் கட்டு. கோர்ட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் எதிரெதிரே வந்துவிட்டோம். சுற்றிலும் யாரும் இல்லை. இடது கையால் குழாயைத் திருகத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"நில்லு" என்றான். "நீ வக்கீலப் பாத்தன்னு கேள்விப்பட்டேன். எதுனா சொன்ன, மிச்சம் கீற கையால கழுத்த அறுத்துருவேன். பொம்பள கிட்ட வெட்டு வாங்குனவன்னு என் பையன் காதுல விழக் கூடாது."

அவன் போகவில்லை. வேறு குரலில் கேட்டான்.

"மொத வெட்டு சரி. உன் பொண்ணு. எனக்கும் புள்ள கீது. ரெண்டாவது எதுக்கு? நான் வெளிய போய்க்கினுதான இருந்தேன்?"

வேகமாக நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் விளக்கை ஏற்றிவிட்டு இதை எழுதுகிறேன். ஆமாம், அவன் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தான். முதல் வெட்டிலேயே தீப்பெட்டி விழுந்துவிட்டது. டின் உருண்டுவிட்டது. அவன் முழங்காலிட்டு விழுந்து, நிலைப்படியை நோக்கித் தவழ்ந்தான். "யக்கா, வேணாம் யக்கா" என்றான். என்னை வாழ்நாளில் ஒரு தடவைகூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. வலது கையை நிலைப்படியில் ஊன்றி எழப் பார்த்தான். மாயா அலமாரிப் பக்கம் பத்திரமாக நின்றிருந்தாள். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கை என் கண்ணுக்கு முன்னால் விரித்து வைத்தது மாதிரி இருந்தது. வாசலில் துப்பியவன். தன் பையனை என் சமையலைச் சாப்பிட விடாதவன். பஞ்சாட்சரத்தைத் தொட்டிக்குள் இறக்கியவர்களும் அந்தக் கையில்தான் இருந்தார்கள். குறிபார்த்து, அவசரமில்லாமல் போட்டேன். கத்தரிக்காய் நறுக்குகிற அதே சத்தம்.

சந்தோஷமாக இருந்தது. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

ஜூன் 12

ருக்குவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீயா? எம்மா, நீயா!" அவள் முகத்தில் பெருமை. சரணடையப் போகிறேன் என்றதும் கையை உதறிவிட்டாள்.

"அவனுங்க எரிப்பானுங்க, அடிப்பானுங்க, ஒருத்தனும் நான்தான்னு சொல்ல மாட்டான். நாம மட்டும் போயி சொல்லணுமா? எந்த புக்குல போட்டுக்கீது?"

"எந்த புக்குலயும் இல்ல ருக்கு. கஜபதி காது போச்சு. அந்தக் கெழவருக்குக் கழுத்தெலும்பு போச்சு. நான் பேசாம இருக்கற ஒவ்வொரு நாளும் யாருக்காவது ஒண்ணு போகுது."

"மாயாவ நான் பாத்துக்கிறேன். உன்கூட மட்டும் பேச மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாயாவுக்கு இரண்டு பாவாடை தைத்து வைத்தேன். சத்துணவுக் கூடத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 15

சரணடைந்தேன். மாஜிஸ்திரேட் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, கொடுத்தால் அது எனக்கே எதிராகும் என்று விளக்கி, யோசிக்க நாளைவரை நேரம் கொடுத்திருக்கிறார். வெளியே வந்ததும் வக்கீல் என் காதருகே குனிந்தார்.

"தோளோட நிறுத்திக்குங்கம்மா. பதட்டத்துல அப்புறம் என்ன நடந்ததுன்னு தெரியலைன்னு சொல்லுங்க. ஆறு மாசத்துல பொண்ணுகூட இருப்பீங்க. விரலச் சொன்னா வருஷக்கணக்குல போயிடும்."

மாயா தூரத்தில் நின்றாள். என்னிடம் வரவில்லை. ஆனால் என்னைச் சிறைக்கு ஏற்றிப்போக வேன் வரும்வரை போகவும் இல்லை.

ஜூன் 16

இரண்டையும் சொன்னேன். "இரண்டாவது முறை ஏன் வெட்டினீர்கள்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இந்த நோட்டில் எழுதியிருப்பதையே சொன்னேன். தட்டச்சு செய்கிறவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டைப் பண்ணுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

வக்கீல் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 5

பெண்கள் சிறை. இங்கே காய் நறுக்க எனக்குக் கத்தி கொடுப்பதில்லை. அரிசி புடைக்கிறேன்.

கஜபதி மனுப் போட்டுப் பார்க்க வந்தான். போன வாரம் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். இடது தோளில் புதிதாக ஒரு கட்டு.

"இன்னா இது?"

"லோகநாதன்."

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊர்த்தெருவே லோகநாதனைக் கேலி செய்ததாம். டீக்கடையில் அரிவாள்மனையை எடுத்துக் காட்டினார்களாம். டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டார்களாம். வியாழக்கிழமை மத்தியானம் தனியாகக் காலனிக்குள் வந்திருக்கிறான். இடது கையில் கதிர் அரிவாள்.

"நான் வாசல்ல குந்திக்கினு செருப்பு தச்சிக்கினு கீறேன். 'எழுந்துருடா, நீதான் வெட்னன்னு சொல்றா, இல்லன்னா இப்ப வெட்றா'ன்னு கத்தறான். அழறான் அண்ணி. வீசிட்டான். தோள்ல பட்டுச்சு. பட்ட வேகத்துல அருவா அவன் கைய வுட்டே கீழ வுழுந்துடுச்சு. நான் எடுத்துக்கினேன்."

"எடுத்தியா?"

"எடுத்தேன். அவன் திரும்பி ஓடறான். கட்டு அவுந்து பின்னாடி தொங்குது. ஓடத் தெம்பும் இல்ல, வேலியில மாட்டிக்கினான். முதுகு இப்படி எதுருல நிக்குது. நல்ல தோது. பசங்கல்லாம் 'போடு, போடு'ன்றானுங்க."

நான் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம்?"

"போடல."

"ஏன் கஜபதி?"

தலையைச் சொறிந்தான். அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"தெர்ல. உங்க புக்கு ஞாபகம்லாம் வரல, சத்தியமா. இடது கையில வீசத் தெரியாம அவன் பட்ட பாடு இருக்குதே, அது கண்ணுலயே நின்னுச்சு. வேலிய அவுத்துவுட்டு, 'போடா, ஊட்டுக்குப் போ'ன்னேன். போனான். இப்ப காலனியில ஒருத்தனும் எங்கூட பேசறதில்ல. பொட்டப்பையன்றானுங்க. செவுத்துல எழுதுன பேரையும் அழிச்சிட்டானுங்க."

"போலீஸ்ல சொன்னியா?"

"இன்னாத்த சொல்றது? முள்ளு குத்துச்சின்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன்."

மாயா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ருக்கு வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாள், அடுத்த மனுவுக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள் என்றான்.

"எத்தன தையல்?"

"ஏழு."

"வலிக்குதா?"

"படுத்தா வலிக்குது."

வார்டர் வந்து நேரம் முடிந்தது என்று சொன்னார். அவன் எழுந்து போகும்போது அந்தத் தோளை மட்டும் யார்மேலும் இடித்துவிடாமல், கூட்டத்துக்குள் ஒருக்களித்து நடந்து போனான்.